எல்லாரும் சைவமான கதை

போன மாசம் ஒரு சனிக்கிழமை. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் சத்தி (சத்தியமங்கலம்) பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டும் கிடைத்துவிட்ட நிம்மதியில் கண்ணை மூடியிருந்தேன். அன்னூர் தாண்டுவதற்குள் சித்தி பையனிடமிருந்து நாலு மிஸ்டு கால். ஐந்தாவதை எடுத்தேன்.

"அக்கா, ஃபாரம் பக்கத்தைத் தொறந்தாவே மேல ஏழெட்டு வரி வார்னிங்னு வருதுக்கா. நான் ஒண்ணையுமே தொடலக்கா, சாமி சத்தியமா."

'தொடவே இல்லை' என்று சொல்பவர்களை இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் நம்பியதில்லை. அன்றைக்கு அவன் சொன்னது நிஜம். தொட்டது வெப்சைட்டைத் தங்கள் சர்வரில் வைத்து ஓட்டும் ஹோஸ்டிங்காரர்கள். ஃபாரம் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டு 8க்கு மாற்றியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துபோனது. முன்கூட்டியே மெயிலும் போட்டிருக்கிறார்கள்; அது என் இன்பாக்ஸில் புடவைத் தள்ளுபடிகளுக்கு நடுவே பிரிக்காமல் கிடந்தது.

ஃபாரம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சந்திப்புக்கானது. பெயர், பாஸான வருசம், போன் நம்பர் மூன்றும் 2012இல் நான் எழுதியவை. இந்த வருசம் தம்பி சேர்த்தவை: சாப்பாடு சைவமா அசைவமா என்று ரெண்டு ரேடியோ பட்டன், கூட வரும் குழந்தைகள் எத்தனை, ஈரோட்டிலிருந்து பஸ் வேண்டுமா என்று ஒரு டிக் பெட்டி, பழைய குரூப் போட்டோ இருந்தால் ஏற்ற ஒரு இடம். அவன் பி.சி.ஏ. ரெண்டாம் வருசம். கை துறுதுறு. அன்றைக்குச் சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவதாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதனால்தான் நாலு மிஸ்டு கால்.

கோட் இருக்கும் லேப்டாப் அவன் மடியில், நான் புளியம்பட்டி ரோட்டில். எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'டாலர், அடிக்கோடு, போஸ்ட், சதுர அடைப்பு, ஒத்தை மேற்கோள்' என்று நான் சத்தமாகச் சொல்லச் சொல்ல, பக்கத்து சீட் அம்மா மந்திரம் ஏதோ சொல்கிறேன் என்று பார்த்தார். இங்கேயும் அதே மாதிரிதான் எழுதியிருக்கிறேன். போஸ்ட், இஸ்செட் போன்ற பிஎச்பியின் சொந்தச் சொற்களை மட்டும் நீங்கள் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள். மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிகளின் பெயரைத் தமிழில் அப்படியே விட்டாலும் ஓடும். $பெயர் என்று வைத்தால் பிஎச்பி முகம் சுளிப்பதில்லை, ஃபைல் யுடிஎஃப்-8இல் இருந்தால் போதும். சொந்த உபயோகத்துக்கு எழுதும் சின்னச் சின்ன வேலைகளில் நான் அப்படித்தான் வைக்கிறேன். ஆபீசில் வைத்தால் அடிக்க வருவார்கள்.

வார்னிங்கைப் படிக்கச் சொன்னேன். "அன்டிஃபைன்ட் அரே கீ, அப்புறம் பேரு, அதே மாதிரி வருசம், போன், ஃபுட்டு... கடைசில அன்டிஃபைன்ட் வேரியபிள் எரர்ஸ்னு ஒண்ணு."

அரே என்பது பல மதிப்புகளை வைத்திருக்கும் பை, கீ என்பது அதில் ஒவ்வொன்றின் பெயர், வேரியபிள் என்பது மாறி. இல்லாததைத் தேடுகிறாய் என்பதுதான் புகார். இவையெல்லாம் புதுக் கோளாறுகள் அல்ல. 7.4 வரைக்கும் இதே குறை 'நோட்டீஸ்' என்ற அடிமட்ட வகையில் இருந்தது, 'அன்டிஃபைன்ட் இன்டெக்ஸ்' என்ற பெயரில். நோட்டீஸ்களைக் காட்டாமல் விடுவதுதான் அநேக சர்வர்களில் வழக்கம். 2020 நவம்பரில் வந்த 8.0 இதை 'வார்னிங்' ஆக உயர்த்தியது, வாசகத்தையும் மாற்றியது. அதாவது ஓடு பன்னிரண்டு வருசமாக ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அடியில் யாரோ குண்டா வைத்திருந்தார்கள், இப்போது அதை எடுத்துவிட்டார்கள். முதல் மூன்று வரி ஒழுகல் என்னுடையது என்பதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

பக்கத்தைத் திறந்ததுமே ஏன் வருகிறது? ஒரே ஃபைல்தான் ஃபாரத்தைக் காட்டவும் செய்கிறது, நிரப்பி அனுப்பியதை வாங்கவும் செய்கிறது. ஒருவர் சும்மா லிங்கைத் தொட்டு வரும்போது அது கெட் கோரிக்கை, நிரப்பி அனுப்பினால் போஸ்ட் கோரிக்கை. சும்மா வரும்போது, நிரப்பியவை வந்து சேரும் $_போஸ்ட் என்ற அரே காலி. காலிப் பையில் கை விட்டு 'பெயர் எங்கே' என்று தேடினால் அது கத்தாமல் என்ன செய்யும்? ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வந்திருப்பது போஸ்ட் கோரிக்கைதானா என்று. $_சர்வர் அரேக்குள் 'ரிக்வெஸ்ட் மெத்தட்' என்று ஒரு கீ உண்டு. அதன் மதிப்பு 'போஸ்ட்' என்றால் மட்டும் உள்ளே போ.

நிறையப் பேர் இதற்குப் பதில் சப்மிட் பட்டனின் பெயர் வந்திருக்கிறதா என்று, ஒன்று இருக்கிறதா எனக் கேட்கும் இஸ்செட்டை வைத்துப் பார்க்கிறார்கள். தம்பிக்கும் காலேஜில் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பழைய பகை ஒன்று இருக்கிறது. 2009இல் ஒரு கம்பெனியில் பில் போடும் பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு தடவை அழுத்திவிடுகிறார்கள், ரெண்டு பில் விழுகிறது என்று புகார். ஃபாரம் கிளம்பும் நேரத்தில் ஜாவாஸ்கிரிப்டால் பட்டனை முடக்கிவிட்டேன். பெருமையாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஒரு பில்கூட விழவில்லை. எரரும் இல்லை. அழுத்தினால் பக்கம் புதிதாகத் திரும்பி வந்து சிரிக்கிறது. முடக்கப்பட்ட எதையும் பிரவுசர் அனுப்பாது, பட்டன் உட்பட. பட்டனின் பெயர் வராததால் என் இஸ்செட் 'யாரும் அனுப்பவில்லை' என்று முடிவு கட்டிவிட்டது. ரெண்டு சாயங்காலம் போனது அதில். ஜாவாஸ்கிரிப்ட் தானாக ஃபாரத்தை அனுப்பினாலும் இதே கதிதான், பட்டன் கூட வராது. அன்றிலிருந்து கோரிக்கையின் வகையைத்தான் கேட்கிறேன், பட்டனைக் கேட்பதில்லை.

அடுத்தது அந்தக் கடைசி வரி, 'அன்டிஃபைன்ட் வேரியபிள் எரர்ஸ்'. பிழைகளைச் சேர்த்து வைக்கும் மாறியைத் தம்பி இஃப் என்ற நிபந்தனைக்குள்ளே பிறக்கவிட்டிருந்தான். இஃப்புக்குள் போகாத நாளில் அது பிறக்கவே இல்லை. கீழே எச்டிஎம்எல்லில் அதில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஒரு ஃபார்ஈச் ஓடுகிறது. முதலில் 'அப்படி ஒரு மாறியே இல்லை' என்று ஒரு வார்னிங், பிறகு 'நல், அதாவது ஒன்றுமே இல்லாததைக் கொடுத்தால் நான் எப்படிச் சுற்றுவது' என்று ஃபார்ஈச்சின் வார்னிங் வேறு.

"மொதல்ல எல்லாத்தையும் மேல எழுது கண்ணு. எந்த இஃப்பும் வர்றதுக்கு முன்னாடி."

$பெயர் = '';
$வருசம் = '';
$போன் = '';
$உணவு = '';
$குழந்தைகள் = '';
$பஸ் = false;
$பிழைகள் = [];

பஸ் வரியில் இருப்பது பூலியன், அதாவது உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு; போனில் 'இல்லைன்னு வை' என்றுதான் சொன்னேன்.

கல்யாண வீட்டில் பந்தி போடுமுன் இலை போடுவதைப் போல இது. ஆள் வராத இலை காலியாக இருக்கும், அவ்வளவுதான். தரையில் சோறு விழாது. இதைச் சோம்பேறித்தனத்தால் விடுபவர்களுக்கு ஒரு தகவல்: இல்லாத மாறியைப் படித்தால் அடுத்த பெரிய பதிப்பான 9இலிருந்து வார்னிங்கோடு நிற்காது, நேரே எரர் வீசி ஓட்டத்தை நிறுத்திவிடும் என்று 2022இலேயே வாக்கெடுப்பில் முடிவாகிவிட்டது. அரேயில் இல்லாத கீயைக் கேட்டால் மட்டும் வார்னிங்கோடு விட்டுவிடுவார்கள்.

மாறிகளுக்கு முதலிலேயே மதிப்பு வைக்கும் பழக்கம் எனக்கு அழகுணர்ச்சியால் வந்ததல்ல, பயத்தால் வந்தது. 2003இல் நான் கம்ப்யூட்டர் சென்டரில் பிஎச்பி படித்தபோது $_போஸ்ட் என்ற பெயரையே சார் உச்சரிக்கவில்லை. ஃபாரத்தில் 'பெயர்' என்று ஒரு பெட்டி இருந்தால் பிஎச்பியில் $பெயர் என்ற மாறி தானாக முளைத்துவிடும். 'ரிஜிஸ்டர் குளோபல்ஸ்' என்ற அமைப்பின் வேலை அது. 2002இல் வந்த 4.2.0 பதிப்பிலேயே அதை வழக்கமாக அணைத்து வைத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய கோட் ஓட வேண்டுமே என்று பல சர்வர்களில் திரும்பப் போட்டிருந்தார்கள். எங்கள் சென்டரிலும்தான். பாஸ்வேர்ட் சரியென்றால் $அட்மின் என்ற மாறியை உண்மையாக்கு என்று எழுதியிருப்போம். தவறென்றால்? எதுவும் எழுதியிருக்க மாட்டோம். யாராவது முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு அட்மின் சமம் ஒன்று என்று அடித்தால் போதும், அவர்தான் அட்மின். நாம் காலியாக விட்ட இலையில் தெருவில் போகிறவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். 2012இல் வந்த 5.4இல்தான் அதை வேரோடு பிடுங்கினார்கள்.

பஸ் புளியம்பட்டியை நெருங்கியது. முக்கியமான வேலை பாக்கி இருந்தது: போஸ்ட் வந்தபிறகும் எல்லா கீயும் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டிக் பெட்டியை டிக் செய்யாவிட்டால் பிரவுசர் 'இல்லை' என்று அனுப்புவதில்லை, அந்தப் பெயரையே அனுப்பாமல் விட்டுவிடுகிறது. ரேடியோ பட்டனில் ஒன்றையும் தொடாவிட்டாலும் அப்படியே. எழுத்துப் பெட்டி மட்டும் காலியாக இருந்தாலும் வெற்று மேற்கோளாக வந்து சேரும்.

இந்தக் கடைசி வித்தியாசத்தில்தான் இஸ்செட்டைப் பற்றிய பெரிய குழப்பம் கிடக்கிறது. இஸ்செட் கேட்பது 'இந்தக் கீ இருக்கிறதா, அதில் நல் அல்லாத ஏதாவது இருக்கிறதா' என்று மட்டும். 'நிரப்பினார்களா' என்று அது கேட்பதில்லை. பெயரை ஒருவர் காலியாக விட்டு அனுப்பினாலும் இஸ்செட் தலையாட்டும். இஸ்செட் போட்டுவிட்டேன், அதனால் சோதித்துவிட்டேன் என்று நினைப்பது, தபால் வந்துவிட்டது என்பதற்காக உள்ளே கடிதம் இருக்கிறது என்று நம்புவது.

வாயால் சொல்ல இஸ்செட் நீளம். பிஎச்பி 7.0இலிருந்து, அதாவது 2015 கடைசியிலிருந்து, ரெட்டைக் கேள்விக்குறி இருக்கிறது. இடப்பக்கம் இருந்தால் அது, இல்லாவிட்டால் வலப்பக்கம். இல்லாத கீயைக் கேட்டாலும் கத்தாது.

"டாலர் பெயர், சமம், டாலர் அடிக்கோடு போஸ்ட், உள்ள பெயர், அப்புறம் ரெண்டு கேள்விக்குறி..."

$பெயர் = $_போஸ்ட்['பெயர்'] ?? '';

"ஒவ்வொண்ணுக்கும் இப்படியாக்கா?"

"ஒவ்வொண்ணுக்கும்."

"அந்த கேள்விக்குறிக்கு அந்தப்பக்கம் என்னக்கா போடறது?"

கண்டக்டர் விசில் ஊதுகிறார், பக்கத்து அம்மா இறங்கப் பையை என் மடியில் வைத்துவிட்டு எழுகிறார், பின்னாலிருந்து ஒருவர் நகருங்க நகருங்க என்கிறார்.

"எதாச்சும் போடு கண்ணு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் கூப்பிடவில்லை. சத்தியில் இறங்கியபோது 'எல்லாம் போயிருச்சுக்கா, தேங்க்ஸ்' என்று மெசேஜ் வந்திருந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வார்னிங் ஒன்றுகூட இல்லை. அம்மா கையால் ஒரு காப்பி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

நாலு நாள் கழித்து என் கூடப் படித்த ஒருவன் போன் செய்தான். கல்யாணம் ஆகாதவன், அதைப் பற்றி ஊரே கேட்டுக் கேட்டு நொந்துபோனவன். "ஏம் புள்ள, உங்க ஃபாரம் என்னை விடவே மாட்டேங்குது. குழந்தை எத்தனைன்னு பூஜ்ஜியம் போட்டா, 'குழந்தைகள் எண்ணிக்கையை நிரப்பவும்'னு செவப்புல எழுதி வருது. மூணு தடவை போட்டேன். கடைசில ஒண்ணுன்னு போட்டேன், எடுத்துக்கிச்சு. வர்றப்ப யாரு குழந்தையையாவது தூக்கிட்டு வரணும் போல."

சிரித்துவிட்டேன், சிரித்ததும் புரிந்துவிட்டது. காலியா என்று பார்க்கத் தம்பி எம்ப்டி என்ற சோதனையை வைத்திருக்கிறான். எம்ப்டிக்கு இல்லாத கீயும் காலி, வெற்று மேற்கோளும் காலி, பூஜ்ஜியமும் காலி. மேற்கோளுக்குள் இருக்கும் '0' கூடக் காலிதான். குழந்தை இல்லை என்று ஒருவர் தெளிவாகச் சொன்ன பதிலையும், பதிலே சொல்லாததையும் அது ஒரே தட்டில் போடுகிறது. பிஎச்பி எழுதும் நம்மூர்க்காரர்கள் யாராவது ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்: எண் வரும் பெட்டிக்கு எம்ப்டி வைக்காதீர்கள். மதிப்போடு வகையும் ஒன்றா என்று பார்க்கும் மூன்று சமக்குறி போட்டு வெற்று மேற்கோளோடு ஒப்பிடுங்கள். எண்தானா என்று பார்க்க சிடைப் டிஜிட் இருக்கிறது; '0'க்குச் சரி என்கும், காலிக்கு இல்லை என்கும். ஃபில்டர் வேர் வைத்து முழு எண்ணாகச் சோதித்தாலும் நல்லதுதான், ஆனால் அது பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியமாகவே திருப்பித் தரும், பூஜ்ஜியம் இஃப்புக்குள் பொய்யாகிவிடும். அங்கேயும் மூன்று சமக்குறி வேண்டும்.

அதைத் தம்பிக்கு மெசேஜில் அனுப்பினேன். சரி செய்துவிட்டான். அதோடு முடிந்தது என்று இருந்தேன்.

சந்திப்புக்கு எட்டு நாள் முன்னால் சமையல்காரர் கூப்பிட்டார். எங்கள் அப்பா காலத்திலிருந்து ஊரில் விசேஷங்களுக்குச் சமைக்கிறவர். பட்டியலை வாட்ஸ்அப்பில் வாங்கியிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நூத்தி எண்பத்தேழு பேருன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"நூத்தி எண்பத்தேழுமே சைவம்னு போட்டிருக்குதுங்களே."

நான் ஒன்றும் பேசவில்லை.

"இல்ல, புரட்டாசியும் இல்லீங்க. நம்ம ஊர்ல இத்தனை பேரு ஒண்ணாச் சேர்ந்து கறி வேண்டாம்னு சொல்லி நான் கண்டதில்லீங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

லேப்டாப்பைத் திறந்தேன். தம்பி வரி வரியாக நான் சொன்னபடிதான் எழுதியிருந்தான். ரெட்டைக் கேள்விக்குறிக்கு வலப்பக்கம் எல்லா இடத்திலும் வெற்று மேற்கோள். உணவு வரியில் மட்டும் 'சைவம்'. நியாயமாகத்தான் யோசித்திருக்கிறான்: சொல்லாதவர்களுக்கு சைவம் கொடுத்தால் யாருக்கும் தீட்டு இல்லை. ஆனால் சொன்னவர்களும் ஏன் சைவமானார்கள்? ஃபாரத்தில் அந்த ரேடியோ பட்டனுக்கு ஆங்கிலத்தில் ஃபுட் என்று பெயர் வைத்திருக்கிறான், முதலெழுத்து பெரிய எஃப். பிஎச்பியில் கேட்டது சின்ன எஃப். அரேயின் கீக்கு பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஆகவே யார் எதைத் தொட்டாலும் சின்ன எஃப் ஃபுட் வந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம்தான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறொன்று. அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த வார்னிங்குகளில் ஒன்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவையெல்லாம் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் வந்தவை. ஃபுட் வார்னிங், ஃபாரத்தை முழுக்க நிரப்பி அனுப்பிப் பார்த்திருந்தாலும் வந்திருக்கும். அப்போதே பிடிபட்டிருக்கும். அனுப்பிப் பார்க்கச் சொல்லாமல், வார்னிங் போனால் போதும் என்று ஒரு துணியைக் கொடுத்து வாயைக் கட்டச் சொன்னது நான். 'எதாச்சும் போடு.' ரெட்டைக் கேள்விக்குறிக்கு வலப்பக்கம் போடுவது எதாச்சும் அல்ல. பதில் வராதவரைப் பற்றி நாம் எடுக்கும் முடிவு அது.

தம்பியைத் திட்டவில்லை. திட்ட எனக்கு வாயில்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து திரும்ப எழுதினோம், இந்தத் தடவை நேரில், சித்தி வீட்டுத் திண்ணையில்.

எல்லாக் கீயையும் ஒரே இடத்தில் வாங்க ஒரு சின்ன ஃபங்ஷன் வைத்தோம், 'வாங்கு' என்று பெயர். கீயைக் கொடுத்தால் $_போஸ்ட்டில் தேடும். இல்லாவிட்டால் வெற்று மேற்கோள். கிடைத்தது சரம்தானா, அதாவது எழுத்துத் தொடரா என்று இஸ் ஸ்டிரிங் வைத்துப் பார்த்து, ஆமென்றால் முன்பின் இடைவெளிகளை டிரிம் செய்து தரும். 'சரம் இல்லாமல் வேறென்னக்கா வரும்?' என்றான். பிரவுசரிலேயே பெட்டியின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பு சேர்த்து அனுப்ப ஒரு குறும்புக்காரருக்கு அரை நிமிஷம் போதும். அப்போது வருவது அரே. அரேயை டிரிம்முக்குக் கொடுத்தால் 8இல் எரர் வீசிப் பக்கம் வெள்ளையாகிவிடும். நல் கொடுத்தால் 8.1இலிருந்து 'இது இனி கூடாது' என்று முணுமுணுக்கும். வாங்கு ஃபங்ஷன் வாசலிலேயே ரெண்டையும் நிறுத்திவிடுகிறது.

உணவுக்கு வலப்பக்கம் இப்போது வெற்று மேற்கோள்தான். அதன்பின் 'சைவம்', 'அசைவம்' என்ற ரெண்டில் ஒன்றா என்று இன் அரே வைத்துச் சோதிக்கிறோம், கண்டிப்பான ஒப்பீட்டோடு. இல்லாவிட்டால் 'சாப்பாடு எதுன்னு சொல்லுங்க' என்று பிழைப் பட்டியலில் சேரும். இப்படி வைத்தால் எஃப் தவறு எத்தனை நேரம் ஒளிந்திருக்க முடியும்? சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே பெரிய எஃப்பைத் திரும்பப் போட்டோம். அசைவத்தைத் தொட்டு அனுப்பினால், தொட்டபிறகும் 'சொல்லுங்க' என்கிறது. முதல் ஆளே பிடித்துவிடுவார்.

பஸ் பெட்டி வேறு ஜாதி. அங்கே கீ வராமல் இருப்பதே பதில். வந்தால் வேண்டும், வராவிட்டால் வேண்டாம். இஸ்செட் பிறந்ததே இதற்குத்தான். ஆனால் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இங்கே எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது, எல்லாரும் பஸ் வேண்டாதவர்களாகிவிடுவார்கள். டிக் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று அனுப்பி, பதிவுகள் சேரும் டேபிளில் என்ன விழுந்தது என்று கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

திரும்ப எழுதும்போது போன் நம்பர் பெட்டியின் பெயருக்கு நடுவே அவன் புதிதாக ஒரு புள்ளி வைத்துவிட்டான். பிஎச்பி புள்ளியையும் இடைவெளியையும் அடிக்கோடாக மாற்றிவிடும். புள்ளியோடு தேடினால் கிடைக்காது. எடுத்துவிட்டோம்.

போட்டோவில்தான் அரை நாள் போனது. ஒருவர் பழைய குரூப் போட்டோவைப் புதுப் போனில் படமெடுத்து ஏற்றியிருக்கிறார், பன்னிரண்டு எம்பி. அவருக்கு மட்டும் பெயர், வருசம், போன் எல்லாமே காலி என்று சிவப்பில் வந்திருக்கிறது. மனிதர் எல்லாவற்றையும் நிரப்பிய ஸ்க்ரீன்ஷாட்டையே அனுப்பியிருந்தார். போஸ்ட் மேக்ஸ் சைஸ் என்ற வரம்பு, நாம் மாற்றாவிட்டால் எட்டு எம்பி. அதைத் தாண்டினால் பிஎச்பி போட்டோவை மட்டும் ஒதுக்குவதில்லை, $_போஸ்ட்டையும் $_ஃபைல்ஸையும் மொத்தமாகக் காலியாக்கிவிடுகிறது. கோரிக்கை மட்டும் போஸ்ட் என்றே இருக்கும். பழையபடி எழுதியிருந்தால் ஏழு வார்னிங் வந்து குழம்பியிருப்போம். புதிதாக எழுதியதால் ஐந்து பொய்க் குற்றச்சாட்டு. ரெண்டும் உதவாது. இப்போது போஸ்ட் கோரிக்கையாக இருந்து, ரெண்டு அரேயும் காலியாக இருந்து, வந்த அளவு மட்டும் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால், 'போட்டோ ரொம்பப் பெருசுங்க, சின்னதாக்கி அனுப்புங்க' என்று சொல்கிறோம்.

கடைசியாக, வார்னிங் திரையில் தெரிவதை அணைத்துவிட்டு லாக் ஃபைலுக்குத் திருப்பினோம். தம்பிக்கு இது முரணாகப் பட்டது. "மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?" விருந்தாளிக்குக் காட்டத் தேவையில்லை கண்ணு, நமக்குத் தெரிந்தால் போதும். சர்வரில் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபைல் என்ற முழு வழியையும் வார்னிங் ஊருக்குச் சொல்லிவிடுகிறது. அதோடு, திரையில் ஒரு எழுத்து விழுந்துவிட்டால் அதன்பின் வேறு பக்கத்துக்குத் திருப்பும் ஹெட்டர் வேலை செய்யாமல் போகலாம். பதிவு விழுந்திருக்கும், 'நன்றி' பக்கம் வராது, ஜனம் திரும்பத் திரும்ப அழுத்தும். முன்னால் அவன் ஒரு வரியில் அட் குறி போட்டு வார்னிங்கை அடக்கப் பார்த்திருந்ததையும் கண்டேன். அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே எடுக்கச் சொன்னேன்.

நூற்றி எண்பத்தேழு பேரையும் குரூப்பில் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. டேபிளில் இருந்த 'சைவம்' எதையும் நம்ப முடியாது, உண்மையான சைவக்காரர்களுடையதையும் சேர்த்து. ரெண்டு நாள் கிண்டல் நடந்தது. 'ஊரையே வள்ளலார் வழிக்குத் திருப்பிட்டியே' என்று ஒருவர். மூன்றாம் நாள் கணக்கு முடிந்தது. சமையல்காரரைக் கூப்பிட்டேன்.

"அசைவம் நூத்தி அறுபத்தி மூணுங்க. சைவம் பதினேழுங்க."

அந்தப் பக்கம் பேனா ஓடும் நேரம் அமைதி. "கூட்டுனா நூத்தி எண்பதுதானுங்களே வருது. மிச்சம் ஏழு?"

"அவங்க பதிலே போடலீங்க."

"பதிலே போடாதவங்களுக்கு என்ன ஆக்கறதுங்க அம்மிணி?"

சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவரே கொஞ்சம் யோசித்தார்.

"செரி விடுங்க. ரெண்டுலயும் ஏழேழு இலை சேத்திப் போட்டுக்கறேன். வந்து உக்கார்றப்ப கேட்டுக்கலாம்."